பயிற்சி இடம் யாருடைய தயவும் அல்ல: ஐடி சாலையும் நம் பிள்ளைகளும்

ஐடி கம்பெனிகள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை இன்டர்ன்களாக எடுக்கும்போதெல்லாம் ‘வாய்ப்பு தந்தார்கள்’, ‘கைதூக்கிவிட்டார்கள்’ என்றே செய்தி வருகிறது. நம் மாணவர்களும் அப்படியே நம்பி நன்றி சொல்கிறார்கள். ஆனால் தொழிற்கூடத்தில் பயிற்சி இடம் என்பது நம் மக்கள் கேட்டுப் பெற்ற உரிமை. அதற்கு எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது, ஐம்பது ஆண்டுகளாகச் சட்டமும் இருக்கிறது. அந்த வரலாறு தெரியாமல் இந்தக் கோரிக்கையை நாம் சரியாக எழுப்ப முடியாது.

முதலில் நாம் நிற்கும் மண்ணைப் பார்ப்போம். பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையும் மேடவாக்கம் சாலையும் சந்திக்கும் இடம் கோவிலம்பாக்கம். கிழக்கே போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலை. இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். இந்த மாவட்டத்துக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதையடுத்து 1892இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்த நிலத்தை மீட்கக் காரணை மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

ஆறே ஆண்டுகளில், 2000 ஜூலையில், தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. வயல் இருந்த ஊர்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அதே காலத்தில்தான் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களை அதே சாலையோரம் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தக் கட்டடங்களுக்குள் நம் மக்கள் முதலில் நுழைந்தது ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் வேலைகளுக்கு. கணினி முன்னால் உட்கார நுழைவது வேறு வாசல். அந்த வாசலின் பெயர்தான் பயிற்சி.

அந்த வாசலை முதலில் தட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1942 அக்டோபரில் வைஸ்ராயின் அரசுக்கு அவர் அளித்த மனுவில் பட்டியல் சாதி மாணவர்களின் கல்வி குறித்து ஒரு தெளிவான வாதம் இருக்கிறது. கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் மட்டும் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும், அதற்கு உதவித்தொகை வேண்டும், வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாக எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அன்றைக்குத் தொழில்நுட்பம் என்றால் அச்சகமும் ரயிலும்தான். இன்றைய கணக்கில் அது மென்பொருள் நிறுவனத்துப் பயிற்சி இடம் கேட்பதற்குச் சமம். இந்த மனுவைத் தொடர்ந்துதான் உயர்கல்வி உதவித்தொகையும், 1943இல் மத்திய அரசுப் பணியில் எட்டேகால் சதவீதத்துக்குச் சற்றே அதிகமான இடஒதுக்கீடும் வந்தன. உதவித்தொகையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பழகுநர் கோரிக்கையை மறந்துவிட்டோம்.

சட்டம் பின்னால் வந்தது. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் நிறைவேறியது. தனியார் நிறுவனங்களும் தங்கள் ஆள்பலத்துக்கு ஏற்பப் பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்றது. 1973இல் திருத்தினார்கள். பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் உள்ளே வந்தார்கள். கூடவே 3-ஏ என்ற பிரிவு சேர்ந்தது: அந்தந்த மாநிலத்தின் மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு, பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் நிறுவனம் இடம் ஒதுக்க வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடே கிடையாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள் அல்லவா? வேலையில் கிடையாது, பயிற்சி இடத்தில் உண்டு. தென்மாநிலங்களின் பட்டதாரிப் பழகுநர்களைக் கவனிக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் டைடல் பார்க்குக்குப் பக்கத்தில், தரமணியிலேயே இருக்கிறது.

பிறகு ஏன் இது நடக்கவில்லை? ஓட்டை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒதுக்கிய இடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் மற்றவர்களை வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. 18ஆம் பிரிவின்படி பழகுநர் ‘தொழிலாளி’ அல்ல, பயிற்சி பெறுபவர் மட்டுமே. பயிற்சி முடிந்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனமே கொள்கை வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 2014 திருத்தத்துக்குப் பிந்தைய 22ஆம் பிரிவு. அதே திருத்தம், சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையையும் எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்தியது. இதையெல்லாம் விட எளிய வழி ஒன்றும் உண்டு. ‘பழகுநர்’ என்று சொல்லாமல் ‘இன்டர்ன்’ என்று சொல்லிவிட்டால் 3-ஏ பற்றி யாரும் கேட்பதில்லை.

2006இல் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. தனியார் துறை தன் பொறுப்பை உணர வேண்டும் என்று பிரதமர் மன்மோகன் சிங் கேட்டார். முதலாளிகள் சங்கங்களான சிஐஐயும் அசோசெமும் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு அமைத்தன. சட்டபூர்வ இடஒதுக்கீடு வேண்டாம், நாங்களே விருப்பப்பட்டுப் பயிற்சி தருகிறோம் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டே இரண்டு ஆய்வுகள் அந்த விருப்பத்தின் லட்சணத்தைக் காட்டின. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டார்கள். தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்ற அதே மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’யை முக்கியமாகக் கேட்போம் என்றும் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் 2010க்குப் பிறகு நிலைமை மாறியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2012 செப்டம்பரில் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க வழி செய்தது. சேரிக்குச் சேரி பொறியியல் பட்டதாரிகள் வந்தார்கள். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம், அரியர் கூடாது என்ற நிபந்தனை கேம்பஸ் வாசலிலேயே பலரை நிறுத்தியது. தாட்கோ மூலம் ஹெச்.சி.எல். நிறுவனத்தில் +2 முடித்த நம் மாணவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும் வேலையும் தரும் திட்டம் போன்றவை நல்ல தொடக்கம். இன்னொரு பக்கம், தென்சென்னைப் புறநகரில் எங்களிடம் வரும் மாணவர்கள் பலர் மையங்களுக்குப் பணம் கட்டி இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஊதியம் வர வேண்டிய இடத்தில் அப்பா வட்டிக்கு வாங்கிய பணம் போகிறது.

பழங்குடியினரின் நிலை இதைவிடக் கடினம். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் மக்கள்தொகையில் 1.1 சதவீதம், அவர்களில் எழுத்தறிவு 54 சதவீதம். மாநில சராசரி 80. நம் மாவட்டத்து இருளர் பிள்ளைக்குப் பயிற்சி இடத்துக்கு முந்தைய சுவர் சாதிச் சான்றிதழ். அதை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர் தர வேண்டும். அந்த அலுவலகத்துக்கு நடந்தே படிப்பை விட்டவர்கள் உண்டு. ‘தகுந்த ஆள் கிடைக்கவில்லை’ என்று நிறுவனம் எழுதும் வரிக்குப் பின்னால் இந்த நடை இருக்கிறது.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1970இல் சிகாகோவில் தொடங்கிய இன்ரோட்ஸ், கறுப்பின மாணவர்களைக் கம்பெனிகளில் ஊதியத்தோடு பயிற்சிக்கு அமர்த்தியது. அதைப் பார்த்து 2009இல் ஆஸ்திரேலியாவில் கேரியர்டிராக்கர்ஸ் வந்தது. அங்கே பழங்குடி மாணவர் ஒரே நிறுவனத்துக்கு ஒவ்வொரு விடுமுறையிலும் திரும்பப் போகிறார். சம்பளம் உண்டு, வழிகாட்டி உண்டு, பட்டம் முடிந்ததும் அங்கேயே வேலை என்ற குறிக்கோள் உண்டு. இரண்டு மாதச் சான்றிதழுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்: பயிற்சி தரும் நிறுவனமும் பல ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கிறது.

2024 அக்டோபரில் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. 500 பெரிய நிறுவனங்கள், ஐந்து ஆண்டில் ஒரு கோடிப் பேர், மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதில் நிறுவனத்தின் பங்கு 500 ரூபாய் மட்டுமே. மேடவாக்கத்தில் ஒரு அறைக்கு வாடகை கொடுக்கவே இந்த 5,000 பத்தாது. வீட்டில் தாங்க ஆள் இருப்பவர்தான் ஓராண்டு தாக்குப்பிடிப்பார்.

எனவே நம் கோரிக்கைகளை மூன்றாகச் சுருக்கலாம். இன்டர்ன் என்ற பெயரில் எடுத்தாலும் 3-ஏ பிரிவின் ஒதுக்கீடு பொருந்த வேண்டும். நிரப்பப்படாத இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், வேறு ஆளுக்குத் தரக் கூடாது. உதவித்தொகை இந்தப் புறநகரில் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும்.

இதற்கு முதல் வேலை கணக்கு கேட்பது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். நம் சாலையில் இருக்கும் ஒவ்வொரு ஐடி நிறுவனமும் எத்தனை பேரை எடுத்தது, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை, பழங்குடியினர் எத்தனை, பிறகு வேலைக்கு எடுக்கப்பட்டவர் எத்தனை? தரமணி வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய்தான் செலவு. மாணவர் விடுதிகளில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாலையில் எழுதிவிடலாம். மனு எழுத உதவி வேண்டுமென்றால் நாங்கள் கூட உட்காருகிறோம்.