பீதியின் பத்து நிமிடங்களும் இஞ்ஞாசியாரின் விதிகளும்

விராலிமலைப் பக்கத்து ஆவூரை வெளியூர்க்காரர்கள் அதன் பழைய மாதா கோவிலாலும், ஈஸ்டரையொட்டி நடக்கும் பாஸ்கா நாடகத்தாலும் தேராலும் அறிவார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புஷே அடிகளார் இங்கே தங்கிப் பணி செய்தார். வீரமாமுனிவரும் இந்தக் கோவிலில் பணியாற்றியவர். இருவருமே இயேசு சபைக் குருக்கள். அந்தச் சபையில் சேரும் ஒவ்வொருவரும் அதைத் தோற்றுவித்த இஞ்ஞாசியார் எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ காட்டும் வழியில் மனத்தைப் பழக்கியாக வேண்டும். 1548இல் அச்சான அந்தச் சிறு நூலில், மனம் இருண்டு கலங்கும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சில பக்கங்கள் விதிகளாகவே இருக்கின்றன. அவற்றை இன்றைய மனநல மருத்துவம் பீதித் தாக்குதலைக் கையாளும் முறைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பீதியை அடக்க உணர்ச்சியையும் சேர்த்து அடக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டிடமும் பதில் இருக்கிறது.

முதலில் பீதி. தேர்க்கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. வேகவேகமாக மூச்சை இழுக்கிறாள். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, தலை கிறுகிறுக்கிறது. ‘உசுரு போயிரும் போலருக்கே’ என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணமே அட்ரினலினை இன்னும் சுரக்கவைக்க, படபடப்பு இரட்டிக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். ஆனால் அவளுக்கு அது தெரியாது. அடுத்த வருடம் தேருக்கே போகமாட்டாள்.

உடலில் எழும் சாதாரண மாற்றத்தைச் சாவின் அறிகுறியாகப் புரிந்துகொள்வதுதான் இந்தச் சுழலின் அச்சு என்று 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் எழுதினார். அவருக்கு முன்பே, 1962இல், ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் இதை எளிய மொழியில் சொல்லிவிட்டார்: எதிர்கொள், ஏற்றுக்கொள், அதன்மேல் மித, நேரம் கடக்கவிடு. இன்றைய சிகிச்சையில் சுழல் நாற்காலியில் சுற்றவைத்தும், நின்ற இடத்திலேயே ஓடவைத்தும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். வந்தது, உயிர் போகவில்லை, தானாகத் தணிந்தது என்று உடம்பு நேரடியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே போனாலும் கையில் தண்ணீர்ப் பாட்டில், பேருந்தில் வாசலோர இருக்கை, கூடவே ஓர் ஆள் என்ற காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதும் இதில் சேரும்.

இஞ்ஞாசியார் மருத்துவர் அல்லர், போர்வீரர். 1521இல் பாம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்தபின் லொயோலாவில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரசாகசங்களைக் கற்பனை செய்தால் அப்போதைக்கு இனிக்கிறது, பிறகு வறண்டுபோகிறது. புனிதர்களை நினைத்தால் பிறகும் நிறைவு தங்குகிறது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததில்தான் அவருடைய முறை பிறந்தது. உணர்ச்சியை அவர் துரத்தவில்லை. எங்கிருந்து வருகிறது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தார்.

இரண்டும் ஒன்றுபடும் இடங்கள் வியக்கவைக்கின்றன. மன இருளில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. கூட்டத்தை விட்டு ஓடாதே, உச்சத்தில் நிற்கும்போது ‘இனி வரவே மாட்டேன்’ என்று தீர்மானிக்காதே என்று சிகிச்சையாளரும் சொல்கிறார். பொறுமையாயிரு, ஆறுதல் திரும்பும் என்று இஞ்ஞாசியார். பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும் என்று சிகிச்சையாளர். கலக்கம் இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஓரடி கூடுதலாக வை என்ற விதியில், அஞ்சும் இடத்துக்கே திரும்பிப் போகவைக்கும் சிகிச்சையின் சாயல் தெரிகிறது.

பிரியும் இடமும் முக்கியமானது. இஞ்ஞாசியாரின் மொழியில் கலக்கத்துக்குப் பின்னால் ஒரு பகைவன் இருக்கிறான். பீதியை அப்படிப் பார்ப்பது ஆபத்து என்றே நான் நினைக்கிறேன். பகை என்று எண்ணி மல்லுக்கட்டினால் அட்ரினலின்தான் கூடும். நம் கிராமங்களில் ‘காத்துக் கருப்பு’ என்று முடிவுகட்டி அந்தப் பெண்ணை இன்னும் மிரளவைப்பதும் இதே தவறுதான். உச்சத்தின் நிமிடங்களில் ‘இது எதைச் சொல்கிறது’ என்று தோண்டுவதும் உதவாது. அப்போது அது உடம்பின் பொய் எச்சரிக்கை, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு மருத்துவத்தின் அறிவே முந்தி வரவேண்டும். முதல் தடவை வந்தால் ஈசிஜி, தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்துவிடுவதும் அவசியம்.

ஆனால் ‘ஈசிஜி நார்மல், ஒண்ணுமில்ல’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பீதிக்கு அஞ்சுகிறவர்கள் காலப்போக்கில் படபடப்பு தரும் எல்லாவற்றையும் ஒதுக்கத் தொடங்குகிறார்கள். கோபம் வந்தாலும் நெஞ்சு துடிக்கும்; பேரன் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் துடிக்கும். எந்தத் துடிப்பும் வேண்டாம் என்று மனத்தைச் சாத்திக்கொண்டால் துக்கமும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். இங்கேதான் இஞ்ஞாசியார் தேவைப்படுகிறார். அலை அடங்கிய பிறகு, அன்றன்று இரவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இன்று எது அழுத்தியது, எது ஆற்றியது, யாரிடம் சொல்லாமல் விழுங்கியது எது என்று நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவர் கொடுத்தது.

அதற்கும் அளவு உண்டு. 1522இல் மன்ரேசாவில் இருந்தபோது பழைய பாவங்களைக் கிளறிக் கிளறியே உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை அவர் போனார். இனி அவற்றை மீண்டும் அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. சிகிச்சையில் இருப்பவர்கள் நாடியை ஓயாமல் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பதும் இதுபோலத்தான்.

இன்னொரு விதியும் அவருடையது: கலக்கம் இரகசியத்தில் வளர்கிறது, நம்பத் தகுந்தவரிடம் சொல்லிவிட்டால் வலுவிழக்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே மூன்று சீடர்களிடம் தம் மனம் சாவுக்கேதுவான துயரத்தில் இருப்பதைச் சொல்லி, கூட விழித்திருக்கக் கேட்டார். வீட்டில் சொல்ல முடியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.