பேராக் தமிழர் குடும்பக் கடிதங்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் பேராக் மாநிலக் கரும்பு, காப்பித் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களுக்கும் தமிழகத்திலிருந்த அவர்களின் உறவினர்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து.

பின்னணி: கிரியான் மாவட்டக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணி (ஆள் திரட்டும் மேற்பார்வையாளர்) வழியாகவும் ஆட்கள் வந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவதே வழக்கமான பாதை. கடிதங்களும் கப்பலிலேயே பயணித்தன. ரப்பர் 1877இல் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தாலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோட்டப் பயிராகப் பரவியது. ஒப்பந்தமுறை 1910இல் நிறுத்தப்பட்டது.

அஞ்சல்: இந்தியா 1876இலும் நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு உள்ளிட்ட பிரிட்டிஷ் பகுதிகள்) 1877இலும் உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தன. பேராக்கின் முதல் அஞ்சல்தலை 1878இல் வந்தது: நீரிணைக் குடியேற்றத் தலையின் மேல் பிறை, விண்மீனுடன் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டது. புலிப்படத் தலைகள் 1892இல் வெளியாயின.

எழுத்தும் வாசிப்பும்: எழுதப் படிக்கத் தெரியாதோர் சொல்லச் சொல்ல, எழுத்தறிந்த ஒருவர் எழுதித் தருவார். பிள்ளையார் சுழி, இருபுறத்துச் சுகம் விசாரிப்பு, பிறகு விஷயம் என்பது அக்காலக் கடித மரபு. மங்கலச் செய்தியானால் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். சாவுச் செய்தியானால் கறுப்பு மை. ஊரிலும் ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் கூடிக் கேட்பார்கள். கணவன் மனைவிக்குச் சொல்லும் அந்தரங்கம் அதனால் கடிதத்தில் அரிதாகவே இடம்பெற்றது.