"5-ல 4 ஒரு தடவை போகும்..." குழந்தைக்கு வகுத்தல் புரிய ஒரு செவ்வகம் போதும்!

இரவு 8 மணி. 4-ம் வகுப்பு படிக்கிற தம்பியோ, அக்கா பையனோ, உங்கள் மகளோ நோட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்கிறார்கள். 536-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும். நீங்களும் உற்சாகமாக ஆரம்பிக்கிறீர்கள்.

"5-ல 4 ஒரு தடவை போகும். கழிச்சா மீதி 1. இப்போ பக்கத்துல இருக்கிற 3-ஐ கீழே இறக்கு..."

"ஏன் இறக்கணும்?"

உங்களிடம் பதில் இல்லை. "அப்படித்தான் போடணும். டீச்சர் சொன்னாங்கல்ல?" என்று சமாளிக்கிறீர்கள். குழந்தையும் தலையாட்டிவிட்டு இறக்குகிறது. ஆனால், 'கணக்குன்னா புரிஞ்சுக்கிற விஷயம் இல்லை, மனப்பாடம் பண்ற விஷயம்' என்ற எண்ணம் விழுவது இந்த மாதிரி நேரத்தில்தான். இரண்டு வருஷம் கழித்து அதுவே "எனக்கு கணக்கு வராது" என்று மாறி நிற்கும்.

இது உங்கள் வீட்டுப் பிரச்னை மட்டுமல்ல. இந்தியக் கிராமப்புறங்களில் நடத்தப்படும் 'அசர்' ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு ஒன்றைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். 2022-ல் 5-ம் வகுப்புக் குழந்தைகளில் 25.6 சதவிகிதம் பேரால்தான் அதைப் போட முடிந்தது. 2024-ல் அது 30.7 சதவிகிதம். அதாவது, பத்தில் ஏழு பேர் இன்னும் தடுமாறுகிறார்கள்.

'ஏன் இறக்கணும்?' என்ற கேள்விக்குப் படம் போட்டே பதில் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'ஏரியா மாடல்', பரப்பளவு முறை. அமெரிக்காவில் 2010-ல் வெளியான பொதுப் பாடத்தரங்களில், 4-ம் வகுப்பு வகுத்தலை விளக்கும் வழிகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர்தான் புதுசு. விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மனைக்கணக்கு தெரியுமா? வகுத்தலும் தெரியும்!

ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. மனையின் அகலம் 40 அடி என்றால், நீளம் எவ்வளவு? "60 அடி" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். இப்போது நீங்கள் செய்தது 2,400 ÷ 40 என்ற வகுத்தல்.

அகலத்தையும் நீளத்தையும் பெருக்கினால் பரப்பளவு. பரப்பளவும் அகலமும் தெரிந்து, நீளத்தைக் கண்டுபிடித்தால் அதுதான் வகுத்தல். மொத்த முறையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

செவ்வகத்தின் உள்ளே இருக்கும் இடம், வகுபடும் எண். இடதுபக்கம் இருக்கும் அகலம், வகுக்கும் எண். மேலே நாம் கண்டுபிடிக்கப்போகும் நீளம், ஈவு. எதிலும் சேராமல் நிற்பது மீதி.

முதலில் கட்டம் போட்ட நோட்டு

நேராக 536-க்குப் போய்விடாதீர்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 48 கட்டங்களை எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். "ஒவ்வொரு வரிசையிலயும் மேலிருந்து கீழே 4 கட்டம்தான் இருக்கணும். எத்தனை வரிசை வரும்?" என்று கேளுங்கள். வண்ணம் தீட்டிக்கொண்டே போனால் 12 வரிசையில் 48 முடிந்துவிடும். நோட்டு இல்லையென்றால் புளியங்கொட்டை போதும். 30 முட்டை வைக்கும் அட்டையைக் காட்டி "5 வரிசை இருக்கு, ஒரு வரிசைக்கு எத்தனை?" என்று கேட்டாலும் சரிதான்.

இரண்டு, மூன்று நாள் இப்படி விளையாடிய பிறகு கட்டங்களை விட்டுவிடலாம். வெறும் செவ்வகம் வரைந்து, உள்ளே எண்ணை எழுதினால் போதும். அளவு பார்த்து வரைய வேண்டியதில்லை. பெரிய எண்ணுக்குக் கொஞ்சம் பெரிய பெட்டி, அவ்வளவுதான்.

இப்போது 536 ÷ 4

1. நீளமாக ஒரு செவ்வகம் வரையுங்கள். இடதுபக்கம் வெளியே 4 என்று எழுதுங்கள். "அகலம் 4. உள்ளே மொத்தம் 536 சதுர அடி நிரப்பணும். நீளம் எவ்வளவு?" இதுதான் கேள்வி.

2. "நீளம் 100 வெச்சா எவ்வளவு இடம் நிரம்பும்?" 400. செவ்வகத்துக்குள் ஒரு கோடு கிழித்து முதல் பெட்டி ஆக்குங்கள். உள்ளே 400, மேலே 100. இன்னும் நிரப்ப வேண்டியது 536 - 400 = 136.

3. "இன்னொரு 100 வைக்க முடியுமா?" முடியாது, 400 இல்லை. "10 வெச்சா 40. 20 வெச்சா 80. 30 வெச்சா 120." இரண்டாவது பெட்டி. உள்ளே 120, மேலே 30. மிச்சம் 16.

4. 16-க்கு நீளம் 4. மூன்றாவது பெட்டி. உள்ளே 16, மேலே 4. மிச்சம் எதுவும் இல்லை.

5. மேலே இருப்பதை எல்லாம் கூட்டுங்கள். 100 + 30 + 4 = 134. இதுதான் ஈவு.

சரிபார்ப்பதும் படத்திலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் 400, 120, 16 மூன்றையும் கூட்டினால் 536 வர வேண்டும்.

30 என்று குழந்தைக்குச் சட்டென்று தோன்றவில்லையா? பரவாயில்லை. 10, 10, 10 என்று மூன்று பெட்டி போடட்டும். பெட்டி கூடும், விடை மாறாது. வாய்ப்பாடு முழுசாக வராத குழந்தைக்கு இது பெரிய ஆறுதல். 1, 2, 5, 10 ஆகிய பெருக்கல்கள் தெரிந்தாலே எந்த வகுத்தலையும் முடித்துவிடலாம். பழகப் பழக, பெட்டிகளின் எண்ணிக்கையை அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

அப்போ, ஏன் இறக்குகிறோம்?

இப்போது பக்கத்திலேயே பள்ளியில் போடும் முறையையும் எழுதுங்கள். "5-ல 4 ஒரு தடவை" என்று நாம் சொன்னோமே, அது உண்மையில் 5 இல்லை, 500. மேலே எழுதிய 1 உண்மையில் 100. கழித்த 4 உண்மையில் 400. அதாவது முதல் பெட்டி.

மீதி 1 என்றோமே, அது ஒரு நூறு. பத்துகளாக மாற்றினால் 10 பத்து. 536-ல் ஏற்கெனவே 3 பத்து இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 13 பத்து. இந்த 3-ஐச் சேர்த்துக்கொள்வதைத்தான் 'இறக்குதல்' என்கிறோம். 13 பத்தில் 12 பத்தை எடுத்தால், அதுதான் இரண்டாவது பெட்டியான 120. மீதி ஒரு பத்தோடு 6 சேர்ந்தால் 16. அது மூன்றாவது பெட்டி.

இரண்டு முறையும் ஒரே கணக்குதான். ஒன்றில் பூஜ்ஜியங்கள் கண்ணுக்குத் தெரியும், இன்னொன்றில் மறைந்திருக்கும். பரீட்சையில் பள்ளி முறையில்தான் எழுத வேண்டியிருக்கும் என்பதால், இரண்டையும் அருகருகே சில நாள் போடவைப்பது முக்கியம்.

காணாமல்போகும் பூஜ்ஜியம்

618 ÷ 6 கொடுத்துப் பாருங்கள். நிறைய குழந்தைகள் 13 என்று எழுதுவார்கள். "6-ல 6 ஒரு தடவை. 1-ல 6 போகாது. 18-ல 6 மூணு தடவை." ஸ்டெப் எல்லாம் சரி, நடுவில் போட வேண்டிய பூஜ்ஜியம்தான் விட்டுப்போச்சு. நாமும் "கவனமே இல்லை" என்று திட்டிவிடுவோம். உண்மையில் கவனக்குறைவு இல்லை, எண்ணின் அளவு கண்ணில் படவே இல்லை.

செவ்வகத்தில் முதல் பெட்டி 600, மேலே 100. மிச்சம் 18, மேலே 3. கூட்டினால் 103. பூஜ்ஜியத்தைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. 13 என்று எழுதிய குழந்தையிடமும் "தப்பு" என்று சொல்வதற்குப் பதில், "அகலம் 6, நீளம் 13 வெச்சா இடம் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். 78. "நம்மகிட்ட 618 இருக்கே?" அவர்களே அடித்துவிட்டுத் திருத்துவார்கள்.

மீதி வந்தால்?

275 லட்டு, ஒரு டப்பாவில் 6. எத்தனை டப்பா நிரம்பும்? அகலம் 6. முதல் பெட்டி 240, மேலே 40. மிச்சம் 35. அடுத்த பெட்டி 30, மேலே 5. மிச்சம் 5. இந்த 5-ஐ வைத்து 6 அகலத்துக்கு ஒரு முழு வரிசைகூடப் போட முடியாது. அதனால் செவ்வகத்துக்கு வெளியே தனியாக எழுதுங்கள். ஈவு 45, மீதி 5.

இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். "எல்லா லட்டையும் எடுத்துட்டுப் போகணும்னா எத்தனை டப்பா வேணும்?" 46. மீதியை என்ன செய்வது என்பது கதையைப் பொறுத்தது என்று குழந்தைக்கு அப்போதுதான் புரியும்.

நாம் செய்யும் 3 தவறுகள்

இலக்கம் பார்த்துப் பிரிப்பது: 536-ஐ 500, 30, 6 என்று பிரித்தால் 30-ஐ 4-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது. பெட்டிக்குள் போவது வகுக்கும் எண்ணின் மடங்காக இருக்க வேண்டும். அதனால்தான் 400, 120, 16.

அகலத்தை உடைப்பது: 84 ÷ 6 என்பதை "6-ஐ 4, 2-னு பிரிச்சுக்கலாமா?" என்று சில குழந்தைகள் கேட்பார்கள். 84 ÷ 4 = 21, 84 ÷ 2 = 42, கூட்டினால் 63. ஆனால், சரியான விடை 14. "உள்ளே இருக்கிற இடத்தைத்தான் துண்டு போடலாம். சுவரோட அகலம் எல்லாப் பெட்டிக்கும் ஒண்ணுதான்" என்று படத்தைக் காட்டுங்கள்.

நாமே பெட்டி போட்டுக் கொடுப்பது: அவசரத்தில் பென்சிலைப் பிடுங்கி "400, 120, 16" என்று நாமே எழுதிவிட்டால், இதுவும் இன்னொரு மனப்பாட முறை ஆகிவிடும். எந்த எண்ணில் ஆரம்பிப்பது என்பதைக் குழந்தைதான் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய கணக்குக்கும் வருமா?

வரும். 391 ÷ 17 என்றால் 17-ம் வாய்ப்பாட்டுக்கு எங்கே போவது? அகலம் 17. நீளம் 10 வைத்தால் 170. இன்னொரு 10, இன்னொரு 170. மொத்தம் 340 ஆச்சு, மிச்சம் 51. நீளம் 3 வைத்தால் 51. விடை 23. பின்னால் உயர் வகுப்பில் x வரும் கோவைகளை வகுக்கும்போதும் இதே பெட்டி கைகொடுக்கும்.

அதற்காக ஆயுசு முழுக்கப் பெட்டி வரைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பள்ளி முறையில் போடும்போதே "இது 100, இது 30" என்று குழந்தை சொல்ல ஆரம்பித்துவிட்டால், படம் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

இன்று ராத்திரி ஒரே ஒரு கணக்கு போதும். 84 ÷ 6. ஒரு செவ்வகம் வரைந்து, இடதுபக்கம் 6 எழுதி, பென்சிலை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் பெட்டியில் 60 போடுவார்களா, 30 போடுவார்களா, 12 போடுவார்களா தெரியாது. எதைப் போட்டாலும் 14-க்கு வந்து சேரலாம். நடுவில் "ஏன்?" என்று கேட்டால், இந்த முறை உங்களிடம் பதில் இருக்கிறது.