இரும்புச் சட்டையும் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரும்

அமீர்பேட்டில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைப்பதும் இட்லிக்கு அரைப்பதும்தான். போன ஞாயிறு பையன் விடவில்லை. ஏதோ புத்தகத்தில் ஐரோப்பியக் குதிரை வீரன் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் இந்த மாதிரி இரும்புச் சட்டை போட்டாங்களாப்பா?" என்று பிடித்துக்கொண்டான். மெட்ரோவில் எம்.ஜி.பி.எஸ். வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் சாலார் ஜங் மியூசியம்.

ஆயுதங்கள் இருக்கும் கூடத்தில் வளையம் வளையமாகக் கோத்த கவசத்தைப் பார்த்ததும் என் மனைவி கேட்டது: "துருப் பிடிச்சா யாருங்க தேய்க்கிறது?"

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

தக்காணத்துக் குதிரை வீரன் முதலில் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி போடுவான். அதன் மேல் ஆயிரக்கணக்கான சிறு இரும்பு வளையங்களால் ஆன சட்டை. வசதி உள்ளவன் அதற்கும் மேலே 'சார் ஆயினா' கட்டுவான். பாரசீகத்தில் 'நான்கு கண்ணாடி' என்று பொருள். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, விலாப்பக்கம் இரண்டு என நான்கு எஃகுத் தகடுகள், வாரால் இணைத்தவை. பக்கத் தகடுகளில் அக்குளுக்காக அரைவட்டமாக வெட்டியிருக்கும். வாளை வீச, வில்லை இழுக்க, கை தாராளமாகப் போக வேண்டுமே! வசதி இல்லாதவனுக்குப் பஞ்சு அங்கியே கவசம்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் தலை முதல் முழங்கால் வரை தகடு. துப்பாக்கி வந்தபின் தகட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போனார்கள். கவசம் செய்தவரே மார்புத் தகட்டில் ஒரு குண்டு சுட்டு, அந்தப் பள்ளத்தைக் காட்டி விற்பாராம். நம்ம ஹால்மார்க் மாதிரி. கடைசியில் பாரம் தாங்காமல் 17-ஆம் நூற்றாண்டிலேயே கை கால் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். மார்புத் தகடு மட்டும் பிடிவாதமாக நின்றது. 1815 வாட்டர்லூ போரில் பீரங்கிக் குண்டு துளைத்துப் போன ஒரு பிரெஞ்சு வீரனின் மார்புக் கவசம் பாரிஸில் இருக்கிறது. ஓட்டை வழியே மறுபக்கம் தெரியும். அதற்குப் பிறகும் 1914-இல் பிரெஞ்சுக் குதிரைப்படை கவசத்தோடுதான் போருக்குக் கிளம்பியது!

இனி என் துறை. இதற்கெல்லாம் பணம் யார் போட்டது?

மராத்தியப் படையில் இரண்டு வகை. அரசு குதிரையில் ஏறுபவன் பார்கீர். சொந்தக் குதிரை, சொந்த ஆயுதத்தோடு வந்து சேர்பவன் சிலேதார். சிலேதாருக்கு அவைதான் முதலீடு. குதிரை செத்தால் பிழைப்பு போச்சு. அப்படிப்பட்டவன் எதிரி பீரங்கியின் மேல் கண்ணை மூடிக்கொண்டு பாய்வானா? இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. கடன் வாங்கி லாரி ஓட்டுபவர்களைத் தினம் பார்க்கிற எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

முகலாயர் பக்கம் வேறு தலைவலி. சம்பளக் கணக்கில் நூறு குதிரை, லாயத்தில் நாற்பது. அதனால் அக்பர் 1570-களில் குதிரைகளுக்குச் சூடு போட்டு, வீரனின் அங்க அடையாளங்களையும் பதிவு செய்ய வைத்தார். நாங்கள் கோடவுனில் போய்ச் சரக்கை எண்ணுவது போல.

ஆதோனிக் கதையையும் சொல்ல வேண்டும். சென்னை-மும்பை ரயில் பாதையில் வருகிற அதே ஆதோனிதான். 1687-இல் கோல்கொண்டா விழுந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் ஆதோனியும். முகலாயர் தரப்பில் இருந்த பிகானேர் ராஜா அனூப் சிங் அங்கிருந்த கவசங்களை ராஜஸ்தானுக்குக் கொண்டுபோனார். பிகானேர் ஆயுதசாலைக்காரர்கள் அவற்றில் புள்ளி புள்ளியாகக் குத்தி, தேவநாகரியில் ஆதோனி பெயரையும் கணக்கையும் பதித்தார்கள். எங்கள் கிளையில் நாற்காலிக்குப் பின்னால் பெயிண்டில் எண் எழுதுவோமே, அதேதான்! டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் இன்று வெளிநாட்டு மியூசியங்களில் இருக்கும் கவசங்கள் ஆதோனியில் இருந்து போனவை என்று தெரிகிறது.

தஞ்சாவூருக்கு அந்த பாக்கியமும் இல்லை. 1855-இல் மராத்திய மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். அரண்மனை ஆயுதசாலையில் குவிந்து கிடந்தவற்றில் நல்லதாகப் பொறுக்கி 1863-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

"என்ன விலைக்குப்பா?" என்றான் பையன். எந்த ஊர் வண்டிக்கு அச்சாகப் போனதோ, எந்த வீட்டில் அரிவாள்மனை ஆனதோ. பொறுக்கி எடுத்தவை எழும்பூரில் இருக்கின்றன, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.