ஒன்பது ஊசிகளும் ஒரு புள்ளியும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் அனைவரும் அந்த ஒலியை அறிவர். ஊருக்குச் செல்வதற்காக இரயில் முன்பதிவுச் சாளரத்தின் முன் காத்து நின்று, நம் முறை வந்து, படிவத்தை உள்ளே நீட்டியபின், கண்ணாடிக்கு அப்பால் ஒரு பொறி 'கிர்ர், கிர்ர்' என்று ஓடி ஓயும். சீட்டு கைக்கு வருமுன்பே, இடம் கிடைத்துவிட்டது என்று மனம் ஆறுதல் கொள்ளும். 1985-86ஆம் ஆண்டுகளில் டில்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு நாடெங்கும் பரவியபோது, இவ்வொலியும் உடன் பரவியது. அதை எழுப்பும் கருவி டாட் மாட்ரிக்ஸ் அச்சுப்பொறி எனப்படும். அதன் உயிர்நிலை, கட்டைவிரலளவே உள்ள அச்சுத் தலை. அத்தலையின் வரலாற்றையும், அது பழுதுற்றால் சீராக்கும் முறையையும் இவ்வுரையில் காண்போம்.

எழுத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அனுப்பலாம் என்னும் எண்ணம் கணினியினும் முந்தியது. ஜெர்மானியப் பொறியியலறிஞர் ருடால்ஃப் ஹெல், 1929ஆம் ஆண்டிலேயே எழுத்துக்களைச் சிறு கட்டங்களாக்கித் தந்திவழி அனுப்பும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1968இல் ஜப்பானின் ஓக்கி நிறுவனம் 'வயர்டாட்' என்னும் அச்சுப்பொறியை வெளியிட்டது. ஏழு புள்ளி உயரமும் ஐந்து புள்ளி அகலமும் கொண்ட சிறு சதுக்கத்துக்குள் அதன் எழுத்துக்கள் அடங்கின. 1970இல் அமெரிக்காவில் ஸென்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 101 என்னும் பொறி வந்தது. இவையெல்லாம் பெரிய அலுவலகங்களுக்கே எட்டும் விலையின. சிறு கடைக்காரரும் வாங்கத்தக்க நிலையை உண்டாக்கியது 1980இல் தோன்றிய எப்ஸன் எம்.எக்ஸ்-80. அது ஜப்பானில் நாகானோ மாநிலத்துச் சுவா நகரின் கடிகாரத் தொழிலிலிருந்து கிளைத்தது. கடிகாரம் செய்த கைகளே இந்த ஊசிகளையும் செய்தன என்பதை அறிந்தால், அவற்றின் நுட்பம் வியப்பாகத் தோன்றாது.

எம்.எக்ஸ்-80இன் தலையில் ஒன்பது கம்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிப்பு. பின்புறம் வட்டமாக அமைந்த ஒன்பது மின்காந்தங்களினின்றும் புறப்பட்டு, முன்முனையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு இடைவெளியில் அவை வரிசையாகி நிற்கும். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் ஒரு சிறு தகட்டை இழுக்கும். தகட்டோடு இணைந்த கம்பி முன்னே பாய்ந்து, மை நாடாவைத் தாளின்மீது அடிக்கும். மின்சாரம் நின்றதும் வில் அதனைப் பின்னிழுக்கும். இவ்வளவும் நொடியில் ஆயிரத்தில் ஒரு சிறு கூறுக்குள் முடிந்துவிடும். அலுவலகத் தட்டெழுத்தர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒவ்வொரு கம்பியும் எத்துணை இலட்சம் முறை தாளை மோதும் என்பதைக் கணக்கிட்டால் தெரியும், அது படும் பாடு!

எம்.எக்ஸ்-80ஐ உருவாக்கியவர்கள், தலை தேய்ந்தால் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்க என்றே அதனைக் கழற்ற எளிதாக அமைத்தனர். நம் நாட்டில் அந்த ஏற்பாடு வேறு உருக்கொண்டது. புதிய தலையின் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. எனவே டில்லி நேரு பிளேஸிலும், மும்பை லாமிங்டன் ரோட்டிலும், சென்னை ரிச்சி தெருவிலும் பழைய தலையைத் திறந்து ஊசி மாற்றும் தொழில் ஒன்று வளர்ந்தது. 'ஹெட்' என்றும் 'பின்' என்றும் அங்கே வழங்குவர். அத்தொழிலாளர்கள் கற்றது எந்தக் கல்லூரியிலும் அன்று.

நாம் அவர்களை நாடிச் செல்ல நேர்ந்தது ஒரு பேரேட்டின் பொருட்டு. தலைநகரில் நம்மவர் நடத்தும் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பெயர்கள், 1990களின் தொடக்கத்தில் ஒரு கணினியில் தமிழிலேயே ஏற்றப்பட்டிருந்தன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றி, புனேயின் சீ-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' அட்டை இந்திய எழுத்துக்களைக் கணினித் திரையில் காட்டிய காலம் அது. அப்பெயர்களைப் புதிய கணினிக்கும் யூனிகோடு எழுத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றியது சரியா என்று ஒப்பிட, மூலத்தின் அச்சுப்படி ஒன்று கையில் வேண்டும். பழைய கணினியோ அதனோடு வாழ்ந்து மூத்த ஒன்பது ஊசிப் பொறி ஒன்றுக்கு மட்டுமே வாய் திறந்தது.

அச்சிட்டோம். தாளில் எழுத்துக்கள் வந்தன. மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றேனும் வரவில்லை. பத்மநாபன் 'பதமநாபன' ஆனார். மேலுள்ள முதல் ஊசி செத்திருந்தது. தமிழெழுத்தைப் படமாக அனுப்புகையில் அதன் உச்சி முதல் ஊசியின்மேல் அமைந்ததால், முதலில் பலியானது புள்ளி. எழுத்தின் உயரம் ஒரே ஓட்டத்தில் அடங்காமல் தலை மறுபடியும் ஓடவேண்டியிருந்ததால், இடையிலும் ஒரு வெண்கீற்று விழுந்தது. அதே பொறியில் இந்திச் சொல் ஒன்றை அடித்துப் பார்த்தோம். அதன் தலைக்கோடு மறைந்துபோயிற்று. மொழிபெயர்ப்பாளர்களாகிய நமக்கு இரு மொழிகளும் ஒரே ஊசியிலே தொங்குவதைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா என்று விளங்கவில்லை.

பனையோலையில் எழுதிய நம் முன்னோர் மெய்க்குப் புள்ளியிடாமலே பெரும்பாலும் எழுதினர். எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். படிப்பவர் மொழியறிவால் புள்ளியை இட்டு வாசித்தனர். டில்லியிற் பிறந்து, வீட்டில் பேசும் தமிழ் மட்டும் அறிந்த நம் பிள்ளைகளிடம் அத்தகைய வாசிப்பை எதிர்பார்க்க முடியுமோ? தாத்தாவின் பெயரைப் 'பதமநாபன' என்றே அவர்கள் எடுத்தெழுதுவர், அதுவே நிலைத்துவிடும்.

நேரு பிளேஸின் மாடிப்படியருகே ஒரு சிறு மேசை. அதன் பின்னிருந்த முதியவர் தலையை உடனே திறக்கவில்லை. முதலில் தட்டையான இணைப்பு நாடாவில் விரிசல் உண்டா என்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு காந்தச் சுருளின் மின்தடையையும் அளவியால் அளந்தார். ஒன்பதும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. சுருள் எரிந்திருந்தால் வேலை பெருகியிருக்கும். அதனை இயக்கும் டிரான்சிஸ்டர் உட்சேதமுற்று மின்சாரத்தை விடாமல் பாய்ச்சுவதும் உண்டு. அதைக் கவனியாமல் புதிய தலையை மாட்டுவோர் அதையும் எரித்துவிடுவர். அடுத்து மூக்குப் பகுதியை மட்டும் ஐஸோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்தார். கருமையாகக் கரைந்து வந்தது பழைய மை. நாடாவை மலிவாகப் புதுப்பிக்க எவரோ முத்திரை மையை ஊற்றியிருக்கிறார்கள் என்று அவர் இந்தியில் கடிந்துகொண்டார். நாடா மையில் ஊசி வழுக்கி ஓடுவதற்கான எண்ணெய்ப் பசை உண்டு. முத்திரை மையில் அஃது இல்லை. காய்ந்தால் பசையாய் இறுகும்.

ஊறவைத்தும் முதல் ஊசி அசையவில்லை. பின்மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: கம்பி நுனியருகே முறிந்திருந்தது. கிழிந்த நாடாவின் நூலிழையில் ஊசி சிக்கிக்கொள்ள, தலை பக்கவாட்டில் ஓடினால் இவ்வாறு முறியும். அவருடைய டப்பாவில் அதற்கு ஒத்த கம்பி இல்லை. அவர் சிறிது யோசித்து, தமிழ் எவ்வாறு அச்சாகிறது என்று நம்மைக் கேட்டார். படமாக என்றோம். அவர் முகம் மலர்ந்தது. அப்படி அச்சிடுகையில் மேலுள்ள எட்டு ஊசிகளே பெரும்பாலும் உழைக்கும். ஒன்பதாவது, ஆங்கில எழுத்துக்களின் வாலுக்கும் அடிக்கோட்டுக்கும் மட்டுமே எழும். சோம்பியிருந்த ஒன்பதாவதை அதன் தகட்டோடு எடுத்து முதலிடத்தில் பொருத்தினார். இரண்டின் வளைவும் நீளமும் அத்தலையில் ஒத்திருந்தது நம் நல்வினை. நுனிகள் சமமாக நிற்க, மெல்லிய எண்ணெய்க் கல்லில் மூக்கை இருமுறை இழுத்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. கேட்ட கூலியோ நாம் ஆட்டோவுக்குத் தந்ததினும் சற்றே மிகுதி.

அன்று மாலை, வரி இடும் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்துச் சோதனை அச்சு எடுத்தோம். பிறகு பேரேட்டைத் தொடங்கினோம். தலை சூடேறாதிருக்கப் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தினோம். பத்மநாபன் மூன்றாம் பக்கத்தில் இரண்டு புள்ளிகளும் குறையாமல் வந்தார். பக்கந்தோறும் ஆங்கிலத் தலைப்பில் மட்டும் அடிக்கோடு விழவில்லை. அதை அளவுகோல் வைத்துப் பேனாவால் போட்டுக்கொண்டோம்.