ஆடிக்காற்றும் வருமான வரியும்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் காற்றாலை என்றால் கோதுமை அரைக்கும் ஆலை, பாடப்புத்தகப் படம். கரண்டு தரும் காற்றாலையைச் சங்கரன்கோவில் வந்த பிறகுதான் தேவர்குளம் பக்கம் பார்த்தேன்.

ஆடிக்காற்று நமக்குப் புதிதல்ல. காற்றாலைகளைக் கொண்டுவந்தது வருமான வரி. 1991இல் அந்நியச் செலாவணி இல்லாமல் தங்கத்தை அடகு வைத்தோமே, நினைவிருக்கும். அதிலிருந்து மீண்ட வருஷங்களில், 1992இல், மரபுசாரா எரிசக்திக்கென்று மத்திய அரசில் தனி அமைச்சகமே வந்தது. காற்றாலை வைத்தால் அதன் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழிக்கலாம் என்றார்கள். கணக்கில் லாபம் குறையும், வரியும் குறையும். கோயம்புத்தூர் மில்காரர்கள் முப்பந்தலுக்கும் கயத்தாற்றுக்கும் வந்தார்கள்.

இதில் ஒரு கோணல். சலுகை காற்றாலையை நட்டதற்குத்தான், சுற்றியதற்கு அல்ல. நட்டு நின்றவையும் உண்டு. யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை 2009இல்தான் வந்தது. 2012இல் இரண்டு சலுகையும் நின்றதும், புதுக் காற்றாலைகள் நாட்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தேய்மானச் சலுகையை 2014இல் திரும்பக் கொடுத்தார்கள்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் மானாவாரிக் காட்டைக் காற்றாலைக்கு விற்றவர். நல்ல விலை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கியவருக்கு வரி எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று ஒருநாள் தாளில் போட்டுக் காட்டினேன். காபியை ஆறவிட்டுவிட்டார்.