சபாபதி: பாட்டைக் குறைத்த நாடகம் பாட்டுப்படமான வரலாறு

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அதே திங்களில் தமிழகத்தில் 'சபாபதி' என்னும் நகைச்சுவைப் படம் வெளியாயிற்று. இப்படத்தின் நகைச்சுவையைப் புகழ்ந்து எழுதியோர் பலர். நம் கவனம் பிறிதொன்றில் உள்ளது. மேடையில் பாட்டின் ஆட்சியைக் குறைத்தவர் ஒருவரின் நாடகம், பாட்டில்லாமல் படமே இல்லை என்றிருந்த காலத்தில் திரைக்குச் சென்றபோது என்ன நேர்ந்தது என்பதே நம் வினா.

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்நாளையத் தொழில்முறைக் குழுக்களில் கதையை நடத்திச் சென்றது பாட்டே. உரையாடலில் பெரும்பகுதியை நடிகர்கள் மேடையிலேயே இட்டு நிரப்பிக்கொண்டனர். ஆட்டம் விடிய விடிய நடந்தது. முதலியாரோ எழுதி மனனம் செய்யப்பட்ட வசனத்தை முதன்மையாக்கி, நாடகத்தைச் சில மணி நேரத்திற்குள் அடக்கினார். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய அவருடைய சபையில் நடித்தோர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள். சேக்சுபியரை 'அமலாதித்யன்', 'வாணீபுர வணிகன்' எனத் தமிழாக்கியவரும் இவரே. பாட்டு இவருடைய மேடையிலிருந்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனினும், கதையை நடத்தும் பொறுப்பு வசனத்திற்கு மாறியது.

'சபாபதி' இம்மாற்றத்தின் நற்பயன் எனலாம். செல்வர் வீட்டு மந்தபுத்திப் பிள்ளை சபாபதி முதலியார். அவனுடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. எசமானன் சொல்லும் சொல்லை வேலைக்காரன் சொல்லளவில் மட்டுமே பொருள் கொள்கிறான். குழப்பமும் சிரிப்பும் அங்கேயே பிறக்கின்றன. இவ்வகை நகைச்சுவைக்குப் பாட்டு உதவாது. ஒருவர் சொல்லி முடித்த கணத்தில் மற்றவர் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டும். நடுவே ஆலாபனை புகுந்தால் சிரிப்பு செத்துவிடும்.

திரையின் நிலை வேறு. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் முதல் தமிழ்ப் பேசும் படம் உண்மையில் பாடும் படமாகவே இருந்தது. 1934இன் 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். 'சபாபதி'யைத் தயாரித்து, ஏ. டி. கிருஷ்ணசாமியோடு இணைந்து இயக்கிய ஏ. வி. மெய்யப்பன், திரைக்கு வருமுன் இசைத்தட்டு வணிகத்தில் இருந்தவர். அவர் கூட்டாளிகளுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 'ஓடியன்' தட்டுகளைத் தமிழ்நாடெங்கும் விற்றது. படம் கொட்டகையை விட்டுப் போன பின்னும் பாட்டு தட்டில் விற்கும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் சிலரே. ஆகவே பாடல் படத்தில் இடம்பெற்றது கலைத் தேவையால் மட்டுமன்று.

ஆயினும் மெய்யப்பன் முதலியாரின் வசனத்தைச் சிதைக்கவில்லை. இதுவே இத்தழுவலின் சிறப்பு என்பது நம் துணிபு. டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் எதிரெதிர் நிற்கும் காட்சிகள் மேடைக் காட்சிகளாகவே ஓடுகின்றன. கேமரா பெரும்பாலும் ஒதுங்கி நின்று கேட்கிறது. பாடல்கள் அவ்வுரையாடல்களுக்குள் நுழையாமல் அவற்றுக்கு இடைப்பட்ட வெளியில் அமைகின்றன. ஈண்டு ஒரு முரண் நோக்கத்தக்கது. காளி ரத்தினம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாராக இருந்தவர், இளம் எம். ஜி. ஆருக்கும் அங்குப் பயிற்சியளித்தவர். அவருக்கு இணையாக நடித்த சி. டி. ராஜகாந்தமும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. சபையின் படித்த நாடகத்தைத் திரையில் தாங்கிப் பிடித்தவர், சபையார் தாழ்வாக எண்ணிய தொழில்முறை மேடையின் வாரிசு.

அயல்நாட்டில் இதற்கு நேர் ஒப்புமை பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்'. தம் நாடகமொன்று 1908இல் இசைநாடகமாக்கப்பட்டதை வெறுத்த ஷா, 'பிக்மேலியனை' அவ்வாறு செய்ய உயிரோடிருந்தவரை இசையவில்லை. 1950இல் அவர் மறைந்த பின்னரே அது 1956இல் இசைநாடகமாகவும் 1964இல் 'மை ஃபேர் லேடி' என்னும் படமாகவும் உருப்பெற்றது. சம்பந்த முதலியார்க்கு அத்தகைய பிடிவாதம் இல்லை. பேசும் படத்தைக் கண்டு அவர் அஞ்சவும் இல்லை. 'சபாபதி முதலியாரும் பேசும் படமும்' என்று தம் பாத்திரத்தை வைத்தே எழுதியவர் அவர்.

இரண்டு கதைகளும் கல்வியைப் பற்றியவை. ஷாவின் கதையில் ஆண் பேராசிரியர் பூ விற்கும் பெண்ணுக்குப் பேசக் கற்பிக்கிறார். தமிழ்ப் படத்திலோ தேர்வில் தோற்றுக்கொண்டே இருக்கும் கணவனைப் படித்த மனைவி சிவகாமி (ஆர். பத்மா) தேற்றித் தேர்ச்சியடையச் செய்கிறாள். 1941இல் இது சிறு செய்தியன்று. ஆனால், அவளுக்கு முன் அதே மாணவனுக்குக் கற்பிக்க முயன்று தோற்பவர் கே. சாரங்கபாணி ஏற்ற தமிழ் வாத்தியார். செல்வர் வீட்டுப் பிள்ளையின் குறும்புகளை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் பிழைப்பு அப்படி. ஆங்கிலக் கல்வி பெற்ற சபையினரின் சிரிப்பில் தமிழாசிரியருக்குக் கிடைத்த இடத்தை நாம் மறைத்துப் பேசலாகாது.

இப்படம் வெளிவந்த உடனே மலாயாத் தோட்டப்புறங்களை எட்டியிருக்க வழியில்லை. 1942 சனவரி இறுதியில் போர் ஜொகூரின் இருப்புப்பாதை வழியே இறங்கியது. ரெங்கத்திற்குத் தெற்கே லாயாங் லாயாங் அருகில் 22ஆம் இந்தியப் படைப்பிரிவு ஏனைய படைகளுடன் தொடர்பறுந்து காட்டுக்குள் சிதறியது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

ரெங்கம் வட்டாரத்தில் வளர்ந்த, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இப்படத்தைப் பற்றி நாம் கேட்டதுண்டு. போருக்குப் பின் சிறுவனாகத் தோட்டத் திடலில் தரையில் அமர்ந்து பார்த்தாராம். பாட்டு ஒன்றும் நினைவில் இல்லை என்றார். இரண்டு சபாபதிகளும் பேசிய பேச்சை மட்டும் குரல் மாற்றி நடித்தே காட்டினார். வாத்தியார் வந்த காட்சிகளில் திடலே சிரித்ததாகவும், தாமும் சிரித்ததாகவும் கூறினார். பிறகு சற்று நிறுத்தி, "அப்போது நான் வாத்தியார் ஆகவில்லையே, ஐயா" என்றார்.